காமனை எழுப்பிய கண்ணாடி

பதுளைப் பயாஸ்கோப் கொட்டகையில் படம் ஓட்டும் இளைஞர்கள் இருவர் போன வாரம் என் வீட்டுக்கு வந்து என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு போனார்கள். "ஐயா, இத நீங்க பாக்காம இருக்கவே கூடாது" என்று வழியெல்லாம் பீடிகை. போய் உட்கார்ந்தேன். வெறும் கோட்டால் வரைந்த ஒரு யானை திரையில் வந்தது. தன் தும்பிக்கையைத் தானே கழற்றி, கைத்தடியாக ஊன்றிக்கொண்டு நடந்தது! கொட்டகை முழுக்கச் சிரிப்பு. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து நின்று கத்தியேவிட்டேன். பின்னாலிருந்தவர் "உக்காருங்க பெரியவரே, மறைக்குது" என்று அதட்டினார்.

படம் முடிந்ததும் இருவரும் என்னைப் பெருமையோடு பார்த்தார்கள். "உங்க காலத்து லாந்தர்ப் படம் சும்மா நின்னுக்கிட்டு இருக்குமாமே ஐயா? சாமி வரும், நிக்கும், போகும், அவ்வளவுதானாமே?" என்று ஒருவன் கேட்டான். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வரைந்த உருவத்தை அசையவைக்க இந்த மலைகளில் நான் படாத பாடு பட்டிருக்கிறேன், இவர்கள் பிறப்பதற்கு முன்பே. யாரும் கேட்காததால் இதுவரை சொல்லவில்லை. இப்போது கேட்டுவிட்டார்கள். இனி என்னை நிறுத்த முடியாது.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி, பதுளையில் மாமாவின் கடைக்கு வேலைக்கு வந்தவன். ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும், அங்கிருந்து பதுளைக்கு மாட்டு வண்டிதான். கடையில் விற்கும் தகரப் பெட்டிகளின் மூடியில் பூவும் கிளியும் எழுதுவது என் வேலை. ஒருநாள் பக்கத்துக் கடை மீரான் முதலாளி வந்தார். துணியும் விளக்கும் விற்பவர். என் கிளியை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கிளி பறக்குமா?" என்றார்.

"யாராவது பெட்டியத் தூக்கிக்கிட்டு ஓடுனா பறக்கும் முதலாளி" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கல்லாப் பெட்டியே ஆடியது. அடுத்த மாதமே அவரிடம் சேர்ந்துவிட்டேன். மதராசிலிருந்து அவர் ஒரு லாந்தர்ப் பெட்டி வரவழைத்திருந்தார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டுவது அவருடைய ஆசை. தேய்ந்துபோன படங்களுக்குச் சாயம் ஏற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது.

லாந்தர் என்றால் இப்போதுள்ளவர்களுக்குப் புரியாது. ஒரு தகரப் பெட்டி, உள்ளே விளக்கு. கார்பைட் கல்லில் தண்ணீரைச் சொட்டவிட்டு, அதில் கிளம்பும் வாயுவைக் கொளுத்தினால் கண் கூசும் வெளிச்சம் வரும். விளக்குக்கு முன்னால் கண்ணாடியில் எழுதிய படம், அதற்கு முன்னால் குழலும் பூதக்கண்ணாடியும். இரண்டு கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டுவோம். பெட்டி துணிக்குப் பின்னால், சனம் துணிக்கு முன்னால். துணியை நன்றாக நனைத்துவிட வேண்டும், அப்போதுதான் வெளிச்சம் ஊடுருவி அந்தப் பக்கம் போகும். படத்தைத் தலைகீழாகச் செருக வேண்டும், அப்போதுதான் துணியில் நேராக விழும். இந்தத் தலைகீழ்ச் சமாச்சாரத்தை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அசையும் படங்களும் எங்களிடம் இருந்தன! ஒரு கண்ணாடியில் தூங்கும் மனிதன். அதன் மேல் இன்னொரு கண்ணாடியை இழுத்தால் அவன் வாய் திறக்கும், ஓர் எலி உள்ளே போகும். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் அதைக் காட்டியபோது பெண்கள் எல்லோரும் ஒரே குரலில் "ஏய், எந்திரிய்யா! எலி!" என்று கத்தினார்கள். ஒருத்தி செருப்பையே வீசினாள்.

ஆனால் என்னை அசரவைத்தது கொஸ்லந்தைப் பக்கம் நடந்தது. நானே எழுதிய மாரியம்மன் படம் அது. விழிகளை மட்டும் தனிக் கண்ணாடியில் எழுதி, இடமிருந்து வலம் நகரும்படி செய்திருந்தேன். விழி நகர்ந்ததுதான் தாமதம், சனம் எழுந்து நின்றது. கற்பூரம் கொளுத்தினார்கள். ஒருவர் துணியருகே வந்து, "எம் மகனுக்குக் காச்ச எறங்குமா தாயி?" என்று கேட்டார். மைதானமே பதிலுக்குக் காத்திருந்தது. நான் துணிக்குப் பின்னால் நிற்கிறேன். கை தானாகக் கண்ணாடியை இழுத்துவிட்டது. அம்மன் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த மனிதர் விம்மி விம்மி அழுதார்.

வண்டியில் திரும்பும்போது முதலாளி சொன்னார்: "தம்பி, இனிமே யோசிச்சு அசைக்கோணும். இங்க படம் பதில் சொல்லும்."

சீமையில் வரைந்த படம் அசைந்தால் கைதட்டுவார்களாம். நம் பக்கத்தில் அதனிடம் குறை சொல்லி அழுவார்கள், கோபிப்பார்கள், வேண்டுதல் வைப்பார்கள். நம் சனம் மட்டுமல்ல. பதுளையில் இருந்த ஜாவா வம்சத்துப் பொலிஸ்காரர் ஒருவர், அவருடைய பாட்டனார் ஊரில் தோல்பாவைக்குச் சாம்பிராணி காட்டாமல் ஆட்டத்துக்கு எடுக்கவே மாட்டார்கள் என்று சொல்வார். அசைகிற உருவத்துக்கு யாரோ ஒருவர் பொறுப்பாக வேண்டும். நான் இதை நன்றாகப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அதற்கு முன் முதலாளியின் ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் படத்தைப் பார்க்கவே மாட்டார். துணிக்கு ஓரமாக, அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு சனத்தின் முகங்களைப் பார்ப்பார். "படம் எங்கட பெட்டியிலதானே இருக்கு, எப்பவும் பாக்கலாம். இந்த மொகமெல்லாம் நாளைக்கு இருக்குமா?" என்பார். எந்தப் படத்துக்கு யார் எப்படி விழித்தார், யார் தலை குனிந்தார், எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. சாமிப் படம் காட்டும் நாளில் நான் மீன் சாப்பிட்டிருந்தால் மட்டும் பெட்டியைத் தொட விடமாட்டார். நம் சாமிக்காகத் துலுக்கரான இவருக்கு என்ன வந்தது என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

அந்த வருடம் மாசி மாதம், நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தோட்டத்துப் பெரிய கங்காணி முதலாளியைத் தேடிக் கடைக்கு வந்தார். தோட்டங்களில் மாசி என்றால் காமன் கூத்து. தவத்தைக் கலைத்த மன்மதனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரித்த கதையை ஆடி, பௌர்ணமியன்று காமனைத் தீயில் கொளுத்துவார்கள். முந்தைய வருடம் அந்தத் தீயிலிருந்து ஒரு பொறி பறந்து மாட்டுத் தொழுவத்தின் கூரையில் விழுந்து பற்றிக்கொண்டது. துரை இனிமேல் தோட்டத்தில் காமன் நெருப்பே கூடாது என்றுவிட்டார்.

"நெருப்பு இல்லாம காமன எரிக்கணும் மொதலாளி. ஒங்க பெட்டியில எரிக்க முடியுங்களா?" என்றார் கங்காணி.

முதலாளி என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் "முடியும்" என்றேன்.

எப்படி என்று எனக்கே அப்போது தெரியாது. ஆனால் அன்று மாலையே பொறி தட்டியது. தேன்மெழுகில் நெய் சேர்த்து இளக்கி, அதில் சாயத்தைக் குழைத்துக் கண்ணாடியில் காமனை எழுதினேன். விளக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே தண்ணீர் நிரப்பிய ஒரு மெல்லிய கண்ணாடித் தொட்டியை வைத்தேன். தண்ணீர் சூட்டைத் தடுக்கும், வெளிச்சத்தை விடும். தொட்டியை உருவிவிட்டால் சூடு நேராக மெழுகில் பாயும், காமன் உருகுவான். அதிலும் ஒரு வேடிக்கை! படம் தலைகீழாக இருப்பதால், கண்ணாடியில் கீழே வழியும் மெழுகு துணியில் மேல்நோக்கிப் போகும். காமன் புகையாகி வானத்துக்கு ஏறுவான்! இதைக் கண்டுபிடித்த அன்று நான் பதுளைக் கடைவீதியில் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

தோட்டத்துக்குப் போய்ப் பெரட்டு மைதானத்தில் துணியைக் கட்டினோம். காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடம் அது. துணியருகே காமன் கம்பம் நட்டிருந்தார்கள். கூத்து வாத்தியார் மருதமுத்து வந்தார். பகலில் புல்வெட்டு, மாசியில் வாத்தியார். மஞ்சள் நூல் எடுத்து லாந்தரின் பிடியில் ஒரு காப்பு, என் வலது மணிக்கட்டில் ஒரு காப்புக் கட்டினார்.

"எனக்கெதுக்கு வாத்தியாரே? நான் ஆடவா போறேன்?"

"காமன ஆட்டி வைக்கிறது நீங்கதான தம்பி" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன். காமனின் மனைவி ரதியாகச் சின்னையா என்ற, கொழுந்து நிறுக்கும் மடுவத்து ஆள் வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். பட்டுச் சேலை, பூ, கழுத்தில் மஞ்சள் தாலி. ரதி மட்டும் நிஜ ஆள், காமன் படம்.

இருட்டியதும் ஆரம்பித்தோம். கரும்பு வில்லோடு காமன் துணியில் நின்றான். வாத்தியார் சிவன் கண் திறக்கும் பாட்டைப் பாடினார். தப்பு முழங்கியது. தொட்டியை உருவினேன்.

என்ன சொல்வேன்! முதலில் வில் வளைந்தது. பிறகு விரல்கள் நீண்டன. தோள் இளகி, முகம் நெளிந்து, ஆள் முழுவதும் சிவப்பும் கறுப்புமாக மேலே மேலே ஏறினான். சனம் அலறிய அலறல் எதிர்மலையில் மோதித் திரும்பியது. கடைசியில் துணியின் உச்சியில் ஒரு கறை மட்டும் திரண்டு நின்றது. ரதி ஒப்பாரி வைத்தாள். வாத்தியார் தாலியை அறுத்தார், சின்னையாவுக்கு வெள்ளை உடுத்தினார்கள். பாராட்டை வாங்கிக்கொள்ள நான் துணிக்குப் பின்னாலிருந்து மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

"ரொம்ப நல்லா எரிஞ்சாரு தம்பி. மூணாம் நா எழுப்புற வரைக்கும் பெட்டி இங்கயே இருக்கட்டும்" என்றார் வாத்தியார்.

"எழுப்புறதா?"

"எரிச்சா எழுப்பணும்ல?"

எங்கள் ஊர்ப் பக்கம் காமன் கூத்துக் கிடையாது. எரிப்பதோடு கதை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். கங்காணியோ, எரிக்கத் தெரிந்தவனுக்கு எழுப்பத் தெரியாதா என்று நினைத்திருந்தார். இதில் என் தப்பு எதுவும் இல்லை என்று இன்றும் சண்டை போடுவேன். சமாளித்துவிடலாம் என்று பெட்டியைத் துழாவி, கிளி வாகனத்தில் ஏறியிருக்கும் இன்னொரு காமன் படத்தை எடுத்து நீட்டினேன்.

வாத்தியார் அதை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். "இது வேற ஆளு தம்பி. எரிஞ்சவரு எங்க?"

"ரெண்டும் காமன்தான?"

"ஒங்க அண்ணன் செத்தா, தம்பியக் காட்டி அண்ணன் எந்திரிச்சுட்டாருன்னு சொல்வீங்களா?"

காப்புக் கட்டிய கை, காமன் எழும் வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாதாம். அதையும் அப்போதுதான் சொன்னார்கள். "இதென்னய்யா அநியாயம், நூலை அறுத்தெறிஞ்சுட்டுப் போறேன்" என்று நான் குதித்தேன். முதலாளி என் தோளில் கை வைத்தார்.

"அந்த ரதி வேசம் கட்டின மனுசன்ட மொகத்தப் பாத்தியா தம்பி? படம் உருகக்குள்ள எல்லாரும் துணியப் பாத்தாங்க. அவன் மட்டும் கீழ லயத்தப் பாத்துக்கொண்டு நின்டான். என்னான்டு போய்க் கேளு."

போனேன். சின்னையா கோயில் கொட்டகையில் வெள்ளைச் சேலையோடு ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். மெதுவாகச் சொன்னார். கீழே தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் மனைவி பேச்சிக்கு நிறைமாதம். இதற்குமுன் இரண்டு குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. மூன்று வருடம் ரதி கட்டுகிறேன், ஒரு பிள்ளையைக் கொடு என்று காமனிடம் வேண்டியிருந்தார். இது மூன்றாவது வருடம்.

"அவரு எந்திரிச்சு, எனக்குத் திரும்பத் தாலி கட்டினாத்தாண்ணே நான் வீட்டுக்குப் போகலாம். தாலி அறுத்தவ போயி, புள்ள பெக்கப் போற வீட்டு வாசல மிதிக்க முடியுமாண்ணே? அவ ஒத்தையில கெடக்கா."

அவருக்கு என்னைவிட வயது அதிகம், என்னை அண்ணே என்கிறார். என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. திரும்பி வந்து முதலாளியிடம், "எரிஞ்சவனையேதான் எழுப்பணும். எப்படின்னுதான் தெரியல" என்றேன்.

காப்பு இல்லாத அவர் வண்டியேறிப் போயிருக்கலாம். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "அப்ப யோசி" என்று உட்கார்ந்துவிட்டார்.

விடிந்ததும் பெட்டியிலிருந்த அத்தனை கண்ணாடிகளையும் தேயிலை ஸ்டோர் வாசலில் பரப்பிப் பார்த்தேன். அதில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. ஓரத்தைச் சுற்றிக் கட்டைவிரல் நகம் அளவில் பன்னிரண்டு படங்கள், எல்லாம் ஒரே குதிரை, ஒரு வேலியைத் தாண்டுகிறது. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு படம் போய் அடுத்தது வரும். மாறும் இமைப்பொழுதில் ஒரு தகரத் தட்டு வெளிச்சத்தை மறைத்துவிடும். விடாமல் சுற்றினால் குதிரை தாண்டும், தாண்டும், தாண்டிக்கொண்டே இருக்கும். எங்களுக்கே சலித்துப்போன படம் அது.

குதிரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் படத்தில் இருப்பதும் கடைசிப் படத்தில் இருப்பதும் வேறு வேறு கோடுகள். ஆனால் அது வேறு குதிரை என்று எந்தத் தோட்டத்திலும் ஒருவரும் சொன்னதில்லையே! நடுவில் ஒவ்வொரு அடியையும் பார்த்துவிட்டதால் அதே குதிரைதான் என்று நம்புகிறார்கள். அப்படியானால் உருகிய கறையிலிருந்தே ஆரம்பித்தால்? அதே கறை, அதே வடிவம், அதே வழிசல். அதிலிருந்து இம்மி இம்மியாக ஆள் வந்தால், அது எரிந்தவனேதானே?

"முதலாளி! கிடைச்சிருச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தவர்கள் தராசை விட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

குதிரையை ஒவ்வொன்றாகக் கத்திமுனையால் சுரண்டி எடுத்தேன். அணில்வால் மயிர் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டிய தூரிகை, விளக்குக் கரி, செந்நிறச் சாயம், வார்னிஷ். உருகிய கண்ணாடியைப் பக்கத்தில் வைத்து, பூதக்கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, அந்தக் கறையை முதல் படத்தில் இறக்கினேன். ஒரு வழிசல் விடவில்லை. அடுத்ததில் கறையிலிருந்து ஓர் இழை கீழே இறங்குகிறது. அடுத்து அது தரையைத் தொடுகிறது. தொட்ட இடத்தில் பாதம். பிறகு முழங்கால், இடுப்பு, மார்பு, கை, கையில் கரும்பு வில். கடைசி நான்கு படங்களில் முகம். மூன்றில் கண் மூடியிருக்கும், பன்னிரண்டாவதில் திறந்திருக்கும். மூச்சு விட்டால் கோடு ஆடிவிடும். ஒரு கோட்டுக்கு ஒரு மூச்சை அடக்கி எழுதினேன். முதலாளி பக்கத்திலிருந்து சாயம் அரைத்துக் கொடுத்தார்.

எழுதி முடித்தபின்தான் அடுத்த ஆபத்துப் புரிந்தது. இது வட்டம்! பன்னிரண்டாவதுக்குப் பிறகு மறுபடியும் முதல் படம். கை ஒரு சுற்றுக் கூடுதலாகப் போனால், எழுந்த காமன் கண்ணெதிரே திரும்பவும் புகையாகிவிடுவான். சின்னையாவை நினைத்தேன். தேயிலைப் பெட்டி அடிக்கும் ஆணி ஒன்றை வாங்கி, பல்சக்கரத்தில் பன்னிரண்டாவது படம் வந்ததும் தட்டி நிற்கும் இடத்தில் அடித்து இறுக்கினேன். இனி நானே நினைத்தாலும் அதற்கு மேல் சுற்றாது.

வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். உருகிய கண்ணாடியையும் வட்டக் கண்ணாடியின் முதல் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். ஒவ்வொரு படமாக வட்டத்தைத் திருப்பிக்கொண்டே போனார். வில் வந்த படத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆமா தம்பி, இது அவருதான். இதுக்கு மேல நான் பாக்கக் கூடாது."

"ஏன்?"

"எந்திரிச்ச காமன் ரதி கண்ணுக்கு மட்டுந்தான் தெரிவாரு. வேற யாரு கண்ணுக்கும் தெரிய மாட்டாரு. அதான் வரம்."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் கொதித்துப்போனேன். உயிரைக் கொடுத்து எழுதியிருக்கிறேன், இப்படியொரு படம் இந்த மலைகளில் எவனும் காட்டியதில்லை, தோட்டமே வாய்பிளந்து பார்க்கப் போகிறது என்று கனவு கண்டுகொண்டிருந்தவன் நான். ஒரே ஓர் ஆளுக்குக் காட்டவா? "சரி, நானாவது ஒரு தடவ ஓட்டிப் பாத்துக்கிறேன்" என்றேன்.

"ஓட்டினா எந்திரிச்சிருவாரே தம்பி. ஒரு தடவதான எந்திரிப்பாரு."

அதாவது, அசைகிறதா இல்லையா என்று பரீட்சை பார்க்கவும் கூடாது, ஓட்டும்போது நானும் பார்க்கக் கூடாது! தூரிகையை வீசியெறிந்துவிட்டுத் தேயிலைக்குள் இறங்கி நடந்தேன். முதலாளி பின்னாலேயே வந்தார்.

"கிராமத்துச் சிங்களவங்க புத்தர் செலைக்குக் கண் எழுதுறதப் பாத்திருக்கியா?" என்றார்.

"கேள்விப்பட்டிருக்கேன்."

"நேர பாத்து எழுத ஏலாது. மொகம் பாக்குற கண்ணாடியில பாத்துக்கொண்டு, கைய முதுகுப் பக்கமாக் கொண்டுபோய் எழுதுவாங்க. அந்த ஓவியக்காரனும் ஒன்னப் போலத் தேயிலைக்குள்ள எறங்கி ஓடினான்டு நான் கேள்விப்படல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பி வந்து தூரிகையைத் தேடி எடுத்தேன்.

மூன்றாம் நாள் பிற்பகலில் லயத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். பேச்சிக்கு வலி கண்டுவிட்டது. சின்னையா கோயில் கொட்டகைக்குள் அங்கும் இங்குமாக நடந்தார். போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. "இப்பவே எழுப்புங்கண்ணே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளிச்சம் இருக்கும்போது துணியில் எதுவும் விழாது. வாழ்க்கையில் அன்று போல் நான் சூரியனைத் திட்டியதில்லை.

இருட்டத் தொடங்கியதும் துணியை நனைத்தோம். சனம் முழுவதும் துணிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. அவர்களுக்கு எதிரே, மைதானத்தின் மறுகோடியில், துணியைப் பார்த்தபடி சின்னையா மட்டும் வெள்ளைச் சேலையோடு நின்றார். வாத்தியார் எழுப்புப் பாட்டை ஆரம்பித்தார். கீழே லயத்திலிருந்து பேச்சியின் முனகல் கேட்டது.

நான் துணிக்குப் பின்னால் லாந்தரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டேன். கைப்பிடி வியர்வையில் வழுக்கியது. சுற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று... கோடுகள் சரியாகப் பொருந்தியிருக்குமா? துள்ளுமா? பாதம் ஓரிடத்திலும் முழங்கால் வேறிடத்திலும் குதித்தால் அந்த மனிதர் என்ன ஆவார்? தலையைக் கொஞ்சம் தூக்கினால் போதும், துணியின் பின்பக்கத்தில் தெரிந்துவிடும். கழுத்து நோகும்படி குனிந்துகொண்டேன். டக்கென்று ஆணி தட்டியது. பன்னிரண்டு. அத்தனை நாள் வேலை, நாலைந்து மூச்சில் முடிந்துவிட்டது.

பாட்டு நின்றுவிட்டது. போச்சு, துள்ளிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி தொடங்க, நூறு பேர் சேர்ந்தார்கள். மைதானமே எழுந்துவிட்டது. யாரும் துணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது சின்னையாவின் முகத்தை, துணியின் வெளிச்சம் விழுந்திருந்த அந்த ஒரு முகத்தை. காமன் எழுந்துவிட்டான் என்பதை அதில்தான் தெரிந்துகொண்டார்களாம்.

வாத்தியார் ஓடிப்போய்ச் சின்னையாவின் கழுத்தில் தாலியைக் கட்டினார். வெள்ளைக்கு மேலேயே பட்டைச் சுற்றி, நெற்றியில் குங்குமம் இட்டார். மனிதர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் பூவோடு, லயத்தை நோக்கி ஒரே ஓட்டமாக ஓடினார். என் கையிலிருந்த காப்பை வாத்தியார் அவிழ்த்துவிட்டார். நான் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பதை முதலாளிதான் கவனித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

ஒரு மாதம் கழித்துச் சின்னையா பதுளைக் கடைக்கு வந்தார். தோளில் துண்டு, முகமெல்லாம் பல்.

"பொம்பளப் புள்ளண்ணே. தாயும் புள்ளயும் நல்லாருக்காங்க. பால் நல்லாக் குடிக்குது."

அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். டீ வாங்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. அன்றிலிருந்து என்னைத் தூங்கவிடாத கேள்வி அது. "அன்னைக்கு எப்படித் தெரிஞ்சுது? எந்திரிச்சது எப்படி இருந்துச்சு? துள்ளுச்சா? அறுபட்டுச்சா? ஒன்னையும் விடாம சொல்லுங்க."

அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"என்னண்ணே சொல்றது? எந்திரிச்சாரு. கண்ணத் தொறந்தாரு. என்னப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சாரு பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு, புள்ள தங்கிரும்னு."

அவரை வழியனுப்பிவிட்டு வந்து வட்டக் கண்ணாடியை எடுத்தேன். பூதக்கண்ணாடியை வைத்து அந்தக் கடைசி நான்கு முகங்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான்கிலும் வாயை ஒரே கோடாக, மூடித்தான் எழுதியிருந்தேன்.